வௌவாலின் சிறகும் ஒரு கைதான்

நான் முதலில் செய்தது ஆமை. அட்டையில் ஓட்டின் வடிவத்தை வெட்டி, அதன் மேல் லேஸ் துணி, மணல், கசக்கிய டிஷ்யூ தாள் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒட்டி, மை பூசி அச்செடுத்தேன். பார்க்க நன்றாகத்தான் வந்திருந்தது. லேஸின் பூவேலை ஓட்டுக் கட்டங்களுக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். வீட்டுக்கு வந்த தோழி ஒருத்தி அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏன் ஆமை?" என்று கேட்டாள். "பொறுமைக்கு அடையாளம்" என்றேன். "அது சரி, உனக்கும் ஆமைக்கும் என்ன சம்பந்தம்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. நான் ஓர் ஆமையைக் கையில் தூக்கிப் பார்த்ததுகூட இல்லை.

இரண்டு நாளில் அந்தப் படத்தைக் கழற்றி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஆறு வருடங்களில் பதினொரு விலங்குகள் செய்திருக்கிறேன். மனதுக்கு நிறைவாக வந்தவை மூன்றோ நான்கோதான். அவை ஏன் நிறைவாக வந்தன, மற்றவற்றில் எங்கே கை சறுக்கியது என்பதை, இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

இந்த முறைக்குக் கொலாகிராஃப் என்று பெயர். கிரேக்க மொழியில் 'கொல்லா' என்றால் பசை. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அச்சுக்கலை கற்பித்த கிளென் ஆல்ப்ஸ் 1956-ல் வைத்த பெயர் இது. செம்புத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுப்பதற்குப் பதில், ஓர் அட்டையின் மேல் பொருள்களை ஒட்டி மேடுபள்ளம் உண்டாக்கி, அந்த அட்டையையே அச்சுப் பிளேட்டாக வைத்துக்கொள்கிறோம். மை பூசித் துடைத்தால் பள்ளத்திலும் சொரசொரப்பிலும் மை தங்கும், வழவழப்பான இடத்தில் தங்காது. ஈரத் தாளை அதன் மேல் வைத்து எட்சிங் பிரஸ்ஸில், அதாவது உருளையால் அழுத்தி அச்செடுக்கும் எந்திரத்தில், அழுத்தினால், தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். பிளேட்டின் மேடுபள்ளமும் தாளில் பதிந்துவிடும். அதனால்தான் இந்த அச்சைப் பார்க்கிற யாருக்கும் விரல் தானாகப் போய்த் தடவுகிறது. நானும் தடவாதே என்று யாரையும் தடுப்பதில்லை.

சரி, ஆமைக்கு வருவோம். பொறுமை என்பது உலகம் ஆமைக்குக் கொடுத்த பட்டம். ஆந்தைக்கு அறிவு, சிங்கத்துக்கு வீரம், நரிக்குத் தந்திரம் என்று எல்லாப் பட்டங்களும் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டன. அவற்றில் ஒன்றை எடுத்துப் படம் செய்தால், அது யாருடைய வீட்டுச் சுவரிலும் மாட்டக்கூடிய படமாகத்தான் இருக்கும். எனக்கு உதவிய வழி, பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினைச்சொல்லை எழுதுவது. ஒரு தாளில் அந்த விலங்கு என்னவெல்லாம் செய்கிறது என்று வரிசையாக எழுதுவேன். தொங்குகிறது. சுருள்கிறது. மோப்பம் பிடிக்கிறது. ஒரு சத்தம் கேட்டால் காதை மட்டும் திருப்புகிறது. அப்படி எழுதிக்கொண்டே போகும்போது ஏதாவது ஒரு வினையில் எனக்குத் தெரிந்த ஒரு மனிதரோ என் வாழ்வின் ஒரு காலமோ சட்டென்று ஞாபகம் வந்தால், அந்த விலங்கைச் செய்யலாம். வராவிட்டால் தாளை மடித்து வைத்துவிடுவேன்.

அப்புறம் அதே வினையைச் செய்கிற பொருள் எது என்று தேடுவேன். இதுதான் நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட விஷயம். மூடுகிற விலங்குக்கு, எதையாவது மூடப் பயன்படும் பொருள். ஒட்டிக்கொள்கிற விலங்குக்கு, பிய்த்தால் நார் விட்டுப் பிரியும் டேப். பழைய தமிழ்க் கவிதையில் இதற்கு உள்ளுறை என்று ஒரு வழி இருக்கிறது. குளத்தையும் மீனையும் நாரையையும் பற்றியே பேசிக்கொண்டு போவார்கள், தலைவனைப் பற்றி ஒரு சொல்கூட வராது. ஆனால் கேட்கிறவளுக்கு யாரைச் சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும். படத்திலும் அப்படிச் செய்யலாம். விலங்குக்குப் பக்கத்தில் இதயமும் கடிகாரமும் வைத்து அர்த்தத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்தத் துணிவு எனக்கு வந்தது கியூபாவின் பெல்கிஸ் அயோனின் படங்களைப் பார்த்த பிறகுதான். 1967-ல் ஹவானாவில் பிறந்தவர், 1999-ல் முப்பத்திரண்டு வயதில் இறந்துவிட்டார். ஆண்கள் மட்டுமே உறுப்பினராக முடிகிற அபாகுவா என்ற ரகசிய சங்கத்தின் தொன்மக் கதைதான் அவருடைய களம். அந்தக் கதையில் புனித மீனைப் பிடித்துவிட்ட சிகான் என்ற பெண் பலியாகிறாள். அயோன் அவளை மறுபடி மறுபடி அச்சில் கொண்டுவந்தார். மீன், பாம்பு, ஆடு எல்லாம் அவளோடு வருகின்றன. உருவங்களுக்குக் கண் உண்டு, வாய் கிடையாது. கறுப்பு, வெள்ளை, இடைப்பட்ட சாம்பல் நிறங்கள், அவ்வளவுதான். பல தாள்களில் தனித்தனியாக அச்சடித்துச் சேர்த்து, ஆளுயரத்துக்கும் மேலான படங்கள் செய்திருக்கிறார். எல்லாம் அட்டையில் ஒட்டிச் செய்த கொலாகிராஃப். அந்த மீனின் செதில்களைப் பார்த்தபோது, அட்டையை அட்டையாகவும் பார்க்க முடிந்தது, மீனாகவும் பார்க்க முடிந்தது. ஒரு பெரிய மரபின் விலங்குகளைத் தனக்கே உரியவையாக அவர் மாற்றிக்கொண்டிருந்தார். என் ஆமையில் இல்லாமல் போனது அதுதான்.

என்னுடைய வௌவால் அம்மாவிடமிருந்து வந்தது.

அம்மா செவிலியர். என் சிறுவயதில் பெரும்பாலும் நைட் டியூட்டிதான். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது வீட்டுக்குள் வருவார், திரைகளை இழுத்துவிட்டுப் படுப்பார். மாலையில் நான் திரும்பும்போது வீடு இருட்டாக இருக்கும், அம்மா போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார். சத்தம் போடக் கூடாது. எனக்கு அப்போது கோபம் இருந்தது. மற்ற அம்மாக்களெல்லாம் பகலில் விழித்திருந்தார்கள். வினைச்சொல் தாளில் 'பகலில் தன்னையே போர்த்திக்கொண்டு தூங்குகிறது' என்று வௌவாலுக்கு எழுதியபோது பேனா அங்கேயே நின்றுவிட்டது.

முதல் வௌவால் பிளேட் மோசமாகப் போனது. இருட்டு வேண்டுமென்று உடம்பு, சிறகு, பின்னணி எல்லாவற்றிலும் பசை தடவிக் கார்போரண்டம் தூவினேன். கார்போரண்டம் என்பது சிலிக்கன் கார்பைடு துகள், உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் பொடிபோல. அதன் இண்டு இடுக்கெல்லாம் மை பிடித்துக்கொள்வதால் வெல்வெட் மாதிரி அடர்ந்த கறுப்பு கிடைக்கும். ஆன்ரி கெட்ஸ் 1960-களில் இதை அச்சுப் பிளேட்டுக்குக் கொண்டுவந்தார், மிரோ போன்ற பெரிய ஓவியர்களும் பயன்படுத்தினார்கள். அதில் மயங்கித்தான் நானும் அள்ளித் தெளித்தேன். வந்தது பேய்க்கதை அட்டைப்படம். அம்மா அதில் எங்குமே இல்லை.

மறுபடி வௌவாலைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். விலங்கியலில் வௌவால் வரிசைக்கு வைத்திருக்கும் பெயரான கைராப்டெரா என்பதற்குக் 'கைச்சிறகு' என்று பொருள். அதன் சிறகு உண்மையில் ஒரு கை. நான்கு விரல்கள் நீளமாக வளர்ந்து, நடுவே மெல்லிய தோல் விரிந்திருக்கிறது. கட்டைவிரல் மட்டும் குட்டையாக, நகத்தோடு வெளியே தனித்து நிற்கிறது, பற்றி ஏறுவதற்கு. இதைப் படித்ததும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அம்மாவிடம் போய்க் கையைத் தாளில் வைக்கச் சொல்லி, சுற்றிப் பென்சிலால் வரைந்து எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. அந்த விரல்களை நான்கு மடங்கு நீட்டினேன். மணிக்கட்டும் கட்டைவிரலும் அம்மாவின் அளவிலேயே இருந்தன.

விரல் எலும்புகளுக்கு முறுக்கு நூல் ஒட்டினேன். நூல் அச்சில் எப்படி வரும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நூலின் உச்சி உயரமாக இருப்பதால் துடைக்கும்போது அங்கே மை போய்விடும். நூலும் அட்டையும் சேரும் இரண்டு ஓரத்திலும் மை ஒதுங்கி நிற்கும். ஆகவே அச்சில் வெள்ளைக் கோடும் அதன் இருபுறமும் கறுப்பு நிழலும் கிடைக்கும். எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரிவது போலவே இருக்கும். கறுப்புக் கோடுதான் வேண்டும் என்றால் நூல் ஒட்டக் கூடாது, கட்டர் கத்தியால் அட்டையின் மேல் பரப்பைக் கீற வேண்டும்.

சிறகின் தோலுக்கு என்ன வைப்பது என்று நிறைய நாள் தேடினேன். டிஷ்யூ தாளின் சுருக்கம் காய்ந்த இலை மாதிரி வந்தது. மெல்லிய பட்டுத் துணியின் நெசவு அச்சில் தெரியவே இல்லை. ஒரு நாள் வேறு பிளேட்டின் மையை டார்லட்டனால் துடைத்துக்கொண்டிருந்தேன். டார்லட்டன் என்பது கஞ்சி போட்ட சல்லாத் துணி, மை துடைப்பதற்கென்றே அச்சுப் பட்டறைகளில் வைத்திருப்பார்கள். அதை உள்ளங்கையில் உருண்டையாகச் சுருட்டி, வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, இதேபோன்ற துணியை அம்மா கையில் எத்தனை முறை பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. காயத்துக்குக் கட்டுப் போடும் காஸ் துணி இதன் உடன்பிறப்புதான். இழைக்கும் இழைக்கும் நடுவே சின்னச் சின்னச் சன்னல்கள். வேலையை நிறுத்திவிட்டுப் போய் ஒரு சுருள் காஸ் துணி வாங்கி வந்தேன்.

அதை ஒட்டிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் துணி ஒட்டும்போதுதான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். முதலில் அட்டையில் வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவினேன். நிறையத் தடவினால் நெசவின் சன்னல்களெல்லாம் பசையால் அடைபட்டுவிடும், அச்சில் வழவழப்பான வெளுத்த திட்டு மட்டும்தான் வரும். பசை லேசாக இழுக்கும் பதத்துக்கு வந்தவுடன் துணியை வைத்து, மேலே எண்ணெய்த் தாள் போட்டு, கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு இரவு விட்டேன். நூல் எலும்புகளுக்கு நடுவில் துணியைத் தொய்வாக வைத்தேன், இழுத்துப் பிடிக்கவில்லை. அதனால் இழைகள் வளைந்து வளைந்து போயின. உடம்போடு சேரும் இடத்தில் இரண்டு அடுக்கு, விளிம்புக்குப் போகப் போக ஒரே அடுக்கு. இரண்டு அடுக்கு இருக்கும் இடத்தில் மை அதிகம் தங்கும், இருட்டாக வரும். சிறகு உடம்பிலிருந்து வெளிச்சத்துக்குப் போவது அப்படித்தான் கிடைத்தது. கார்போரண்டம் இப்போது வௌவாலின் தலைக்கும் மார்புக்கும் மட்டும், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு. அதைத் தூவும்போது மூக்குக்கு மாஸ்க் கட்டாயம் வேண்டும், உப்புத்தாள் தேய்க்கும்போதும்தான்.

இந்தத் தேடலையெல்லாம் குறைக்க ஒரு வழி இருக்கிறது, நான் அதை நான்காவது பிளேட்டுக்குப் பிறகுதான் செய்தேன். பத்து சென்டிமீட்டர் சதுர அட்டையில் சிறு கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை ஒட்டி, ஒரு சோதனைப் பிளேட் செய்துவிடுங்கள். வெறும் பசை ஒரு பூச்சு, இரண்டு பூச்சு, மூன்று பூச்சு. மேல் தாளை உரித்த அட்டை. உப்புத்தாள், முரட்டு ரகம் ஒன்று, நைசு ரகம் ஒன்று. கசக்கிய அலுமினியத் தாள், மாஸ்கிங் டேப், காய்ந்த இலை, துணி வகைகள். அச்செடுத்தால் ஒவ்வொன்றும் எவ்வளவு கறுப்பு தரும் என்பது கண்முன்னே இருக்கும். அட்டையின் மேல் தாளை உரிப்பதைக் குறிப்பாகச் செய்து பாருங்கள். கத்தியால் கோடு கீறி நகத்தால் தோலுரிப்பது போல எடுத்தால் உள்ளே பஞ்சுபோன்ற பரப்பு வரும், அது நல்ல நடுத்தரச் சாம்பல் நிறம் தரும். ஒட்டாமலே கிடைக்கிற நிறம் என்பதால் பிளேட்டின் உயரமும் ஏறாது.

உயரத்தைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடுத்தது அழுங்கு. எறும்புத்தின்னி என்றும் சொல்வோம். ஆனால் எனக்கு அழுங்கு என்ற சொல்தான் பிடிக்கும், தமிழில் அழுங்குதல் என்றால் வருந்துதல் என்றும் பொருள் இருக்கிறது. மிக நெருக்கமான ஓர் உறவு முறிந்தபோது நான் நான்கு மாதங்கள் யாருடைய ஃபோனையும் எடுக்கவில்லை. அந்தக் காலத்துக்கு ஒரு விலங்கு தேடியபோது 'சுருள்கிறது' என்ற வினை வந்து நின்றது. அழுங்கின் முதுகு முழுக்கச் செதில், வயிற்றில் செதில் கிடையாது. ஆபத்து வந்தால் அந்த மெத்தென்ற வயிற்றை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும்.

செதில்களை மவுண்ட் போர்டில் ஒவ்வொன்றாக வெட்டி, ஓடு வேய்வது போல ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். நூற்று நாற்பது செதில்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கனம். சில இடங்களில் மூன்று அடுக்கு சேர்ந்துவிட்டது. பிரஸ்ஸில் ஓட்டியபோது தாள் செதில் முனைகளில் நார்நாராகக் கிழிந்தது. உயரமான செதிலுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளத்தில் தாள் இறங்கவே இல்லை, அங்கெல்லாம் வெறும் வெள்ளை. தாளுக்கு மேல் போடும் ஃபெல்ட் என்ற கம்பளித் துணியிலும் ஒரு தழும்பு விழுந்தது.

அடுத்த முறை விசிட்டிங் கார்டு கனத்துக்கும் குறைவான தாளில் செதில்களை வெட்டினேன். அடி அட்டையைச் சேர்க்காமல் மேலே ஒட்டும் பொருள் மொத்தமாக ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும் என்பதை இப்போது விதியாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு செதிலின் ஓரத்தையும் நைசு உப்புத்தாளால் ஒரு தடவை தடவினேன். மெல்லிய தாளாக இருந்தாலும் ஒரு செதில் இன்னொன்றின் மேல் ஏறும் விளிம்பில் மை கோடாகத் தங்கிவிடுகிறது, அந்த ஒரு கோடே போதும். பிளேட்டின் நான்கு ஓரங்களையும் நாற்பத்தைந்து பாகையில் சரித்து வெட்டிவிடவும் வேண்டும். கூரான ஓரம் தாளையும் வெட்டும், ஃபெல்ட்டையும் வெட்டும்.

வயிற்றை வெள்ளையாக விட நினைத்தேன். அதற்கு அக்ரிலிக் மீடியத்தைப் பளபளப்பாக மூன்று பூச்சு பூசினேன். அவசரம். தொட்டால் ஒட்டவில்லை என்பதைப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே அச்செடுத்தேன். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே காயவில்லை. ஈரத் தாள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டது, உரித்தபோது தாளின் ஒரு படலம் பிளேட்டிலேயே தங்கிவிட்டது. எந்த இடத்தை மிகவும் பத்திரமாக மூடி வைக்க நினைத்தேனோ அந்த இடத்தில் ஓட்டை. அந்த அச்சை இன்னும் வைத்திருக்கிறேன். அழகு என்பதற்காக இல்லை, அந்த நான்கு மாதங்களைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

ஆகவே பிளேட்டுக்குக் காப்புப் பூச்சு போடுவதில் அவசரமே கூடாது. நான் இப்போது அரக்கு வார்னிஷ், அதாவது ஷெல்லாக், இரண்டு பூச்சு போடுகிறேன். முன்பக்கம், பின்பக்கம், ஓரங்கள் என்று எல்லா இடத்திலும். பின்பக்கத்தை விட்டுவிட்டால் ஈரம் ஏறி அட்டை வளைந்துவிடும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் சில மணி நேரம், கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு முழு நாள். இரண்டு பூச்சுக்கு மேல் போனால் நெசவும் சொரசொரப்பும் நிரம்பிப் போய்விடும், காஸ் துணியில் ஒன்றரை என்றுகூடச் சொல்லலாம், இரண்டாவது பூச்சைத் தூரிகையில் கொஞ்சமாகத் தொட்டு ஒற்றிவிட்டால் போதும். ஷெல்லாக் ஸ்பிரிட்டில் கரைவது. எனவே மையைக் கழுவ ஸ்பிரிட் தொடவே கூடாது. சமையல் எண்ணெய்யைப் பழைய பிரஷ்ஷால் தடவி மையை இளக்கி, துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

தாளுக்கு வந்தால், பருத்திக் கூழில் செய்த 250 முதல் 300 ஜிஎஸ்எம் தாள் நல்லது. அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, மை ஒற்றும் தாள்களுக்கு நடுவே வைத்து ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். மேலே தண்ணீர் மினுமினுப்பு தெரியக் கூடாது, கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும், அதுதான் பதம். பிரஸ் இல்லாதவர்கள் இந்த மாதிரித் துடைத்தெடுக்கும் அச்சை விட்டுவிட்டு, ரோலரால் மேட்டில் மட்டும் மை ஏற்றி, மெல்லிய தாளை வைத்துக் கரண்டியின் முதுகால் தேய்த்து எடுக்கலாம். அதில் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறும் என்பதை மட்டும் பிளேட் செய்யும்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

துடைப்பதுதான் இந்தக் கலையில் பாதி. மையைச் சிறு அட்டைத் துண்டால் எல்லாப் பள்ளத்திலும் ஏற்றிய பிறகு, பழைய டார்லட்டனால் ஒரு சுற்று, சுத்தமான டார்லட்டனால் ஒரு சுற்று, கடைசியில் செய்தித்தாளைத் தட்டையாக வைத்து உள்ளங்கையால் இழுத்து ஒரு சுற்று. கைக்கு அவசரம் இருந்தால் பள்ளத்து மையும் வந்துவிடும். வௌவாலுக்கு நாற்பது நிமிடம் ஆகிறது. காஸ் துணி ஒட்டிய சிறகை இன்னொரு சல்லாத் துணியால் வட்ட வட்டமாகத் துடைக்கிற அந்த நாற்பது நிமிடத்தில் எனக்கு வேறு எந்த நினைப்பும் வருவதில்லை. காயத்தின் ஓரத்தைத் துடைப்பது இப்படித்தான் இருந்திருக்கும். எவ்வளவு அழுத்தலாம், எங்கே விட்டுவிட வேண்டும் என்பதைக் கைதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அட்டைப் பிளேட் செம்பு மாதிரி நீடிக்காது. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கொஞ்சம் நசுங்கும். வௌவாலில் முதல் இரண்டு அச்சுகள் கனமாக, மை பிதுங்கி வந்தன. ஐந்திலிருந்து பதினொன்று வரை நான் நினைத்தபடியே இருந்தன. பன்னிரண்டில் நெசவின் சன்னல்கள் மங்க ஆரம்பித்தன, பதினான்கில் விளிம்பில் சிறகு கரைந்துபோனது. அதோடு நிறுத்திவிட்டேன். எத்தனை அச்சு எடுக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்து பெருமையாக எண் போடுவதைவிட, பிளேட் எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்துவிட்டு அடியில் பென்சிலால் எண் போடுவதே சரி என்று நினைக்கிறேன். அப்புறம், அச்சில் இடமும் வலமும் மாறிவிடும் என்பதை மறந்து, அம்மாவின் வலது கையை இடது சிறகாக்கிவிட்டேன். அதை மாற்ற முடியவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

எட்டாவது அச்சை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகியும் அம்மாவுக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. நான் போனபோது மணி பதினொன்று, விழித்துத்தான் இருந்தார். விளக்கடியில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வௌவால் என்று சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே மை இருக்காது, மேடுபள்ளம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். விரலால் சிறகை உடம்பிலிருந்து விளிம்பு வரை தடவினார்.

"இது காஸ்தானே?"

"ஆமாம்மா."

"ரெண்டு ஃபோல்டு போட்டிருக்க, இந்த இடத்துல."

"ஆமா."

இன்னும் தடவினார். விளிம்புக்கு வந்ததும் நிறுத்தி, தாளை முன்பக்கம் திருப்பி விளக்குக்குக் கிட்டே பிடித்தார்.

"வெட்டின ஓரத்த அப்படியே விட்டுட்டியேடா. பாரு, நூல் பிரிஞ்சு நிக்குது. காயத்துக்குள்ள போயிடும் இது. ஓரத்த எப்பவும் உள்பக்கமா மடக்கணும்."

காஸ் துணிச் சுருள் என் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஒரு துண்டை வெட்டி, வெட்டிய ஓரங்களை உள்ளே தள்ளி, கண் பார்க்காமலே மூன்று மடிப்பில் மடித்து மேசையில் வைத்தார். பக்கவாட்டில் ஒரு நூல்கூட வெளியே இல்லை. இன்னொன்று செய்யச் சொன்னேன். மொத்தம் ஆறு துண்டுகள் மடித்துக் கொடுத்தார். அடுத்த வௌவால் பிளேட்டுக்கு அவற்றைத்தான் ஒட்டியிருக்கிறேன். மடிப்பின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டிவிடுமோ என்று பயமாக இருந்ததால், புத்தகங்களுக்கு அடியில் மூன்று இரவு வைத்தேன். இப்போது ஷெல்லாக்கின் முதல் பூச்சு காய்ந்துகொண்டிருக்கிறது.